பால்மா டின்னில் கழற்றி வைத்த காப்பு

என் வயதொத்தவர்களே, உங்கள் வீட்டில் மரம் வெட்டுகிற மெசின் இருந்தால், அதைப் போடுகிறவர் தீபாவளிக்குக் காப்புக் கட்டுகிறவராகவும் இருந்தால், அடுப்பில் வைத்ததை இறக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. யார் பொறுப்பு என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் எங்கள் வீடு. ஒரே வளவுக்குள் இரண்டு குடும்பம். முன்பக்கம் பெரியப்பாவின் படச்சட்டக் கடை, பின்பக்கம் நாங்கள். அப்பாவுக்குச் சீனன்குடாவில் எண்ணெய்க் கிடங்குகளில் காவல் வேலை. காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவார். வீட்டில் நடப்பதையெல்லாம் தமையன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிற மனிதர்.

கடையில் சாமிப் படம், கலியாணப் படம், செத்தவர்களின் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டார்கள். சட்டம் என்றால் நாலு துண்டு மரந்தானே என்று நினைப்பீர்கள். அந்த நாலு துண்டுக்கும் எட்டு முனை. எட்டும் ஒரே சரிவில் வெட்டுப்பட வேண்டும். ஒன்று மயிரிழை பிசகினாலும் மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். முன்பெல்லாம் மரப்பெட்டி ஒன்றுக்குள் சட்டத்தை வைத்துக் கைவாளால் மூலை வெட்டினார்கள். அந்த வருசம் பெரியப்பா கப்பல் தளத்து ஏலத்தில் ஒரு மோட்டர் வாளை எடுத்துவிட்டார். வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

தோசைக்கல்லளவு வட்டத் தகடு, சுற்றிவரப் பல். கைபிடியைப் பிடித்துக் கீழே இறக்கினால் சுழன்றுகொண்டே வந்து மரத்தை வெட்டும். விட்டால் மெல்ல மெல்ல மேலே போகும். அடித்தட்டைத் திருப்பி வைத்தால் மூலைச் சரிவு. சுவிட்சைப் போட்டால் பின்பக்கக் குசினியில் சட்டி மூடிகள் நடுங்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் கேட்காது. சுவிட்சை நிறுத்தினாலும் அது உடனே நிற்காது. இரைந்து, இரைந்து, மெலிந்து, கடைசியில்தான் அடங்கும். நான் அந்த நேரத்தை மனதுக்குள் எண்ணுவேன். பதினாலு, சில நாள் பதினைந்து. இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

எனக்கு அந்தக் கடையில் ஒரு வேலை இருந்தது. எங்கள் வீட்டில் எரிந்தது மரத்தூள் அடுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தும்புத்தடியால் தூளைக் கூட்டிச் சாக்கில் அள்ளிக் குசினிக்குக் கொண்டுபோக வேண்டும். பலா மரத்தூள் மஞ்சளாக இருக்கும். தேக்கு அரிந்த நாளில் மூக்குக்குள் ஒரு தோல் மணம் நிற்கும். முதிரை என்றால் தும்மல். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தூளை முகர்ந்து என்ன மரம் என்று சொல்லுவேன். அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

கடையில் வேலை செய்தவர் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வருகிற ஒரு முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் நான் கூட்டுகிற சாட்டில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாளுக்கு முன்னால் நிற்குமுன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுவார். வெள்ளி மோதிரத்தைக் கழற்றி, சுவிட்சுக்குப் பக்கத்தில் தொங்கிய பால்மா டின்னில் போடுவார். மரத்தை வாள்தட்டின் பின்பக்க இரும்புச் சட்டத்தோடு அழுத்திப் பிடிப்பார். பிடிக்கிற கை வாளுக்கு ஒரு சாண் தள்ளியே இருக்கும். ஒரு கைக்கு மேலால் மறுகை குறுக்கே போகாது. துண்டு குட்டையாக இருந்தால் கையால் பிடிக்கவே மாட்டார், கட்டை வைத்து இறுக்குவார். வாள் முழு வேகம் எடுத்த பிறகுதான் இறக்குவார். வெட்டிய பின் நிறுத்திவிட்டு, இரைச்சல் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதன் பிறகுதான் துண்டை எடுப்பார்.

பெரியப்பாவுக்கு இந்தப் பொறுமை இல்லை. வாளோடு ஒரு இரும்பு மூடியும் வந்திருந்தது. முதல் கிழமையே அதைக் கழற்றி மேசைக்குக் கீழே எறிந்துவிட்டார்.

“பென்சில் கோட்டை மறைக்குது.”

“பல்லை மறைக்கத்தானே முதலாளி அத வச்சிருக்கான்” என்றார் நானா.

“உமக்குக் கண் மங்கல். அதான் உமக்கு எல்லாத்துக்கும் பயம்.”

“கண் மங்கல்தான் முதலாளி. ஆனா விரல் பத்தும் இருக்கு.”

பெரியப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கிற கதை என்றுதான் நினைத்தோம்.

ஐப்பசி வந்தது. எங்கள் வீட்டில் ஆண்களும் கௌரி விரதம் பிடிப்பார்கள். தீபாவளியன்று கோயிலில் காப்புக் கட்டுவார்கள், ஆண்களுக்கு வலக்கையில், பெண்களுக்கு இடக்கையில். இருபத்தொரு இழை நூல், மஞ்சள் பூசிய முடிச்சு. அடுத்த வருசக் காப்பு வரும்வரை பழையதைக் கழற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பெரியம்மா அதில் இரும்பு.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள். மாரி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கோயில் தருமகர்த்தா கடைக்குள் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கு முன் அவருடைய அம்மன் படத்துக்குச் சட்டம் முடிய வேண்டும். நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தும்புத்தடியோடு ஓரத்தில் நின்றேன்.

பெரியப்பா குட்டைத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார். இடக்கையால் வாளை இறக்குவார். சுவிட்சை நிறுத்துவார். வாள் இன்னும் சுழன்றுகொண்டு மேலே போகையில், வலக்கையை அதற்குக் கீழே நீட்டி வெட்டிய துண்டை வழித்துத் தள்ளுவார். அந்த வலக்கையில் புதுக் காப்பு. முடிச்சிலிருந்து இரண்டு வால் நாலு விரல் நீளத்துக்குத் தொங்கியது. வாளின் காற்றுக்கு அது ஆடியதை நான் கண்டேன். ஒருமுறை பல்லுப் பக்கமாகவே இழுபட்டது.

“பெரியப்பா, அந்த நூல் வாளில பிடிக்கப் போகுது.”

இவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, தருமகர்த்தாவைத்தான் பார்த்தார். “பார்த்தீங்களே ஐயா, எங்கட வீட்டு இஞ்சினியரை?”

“அது எங்களைக் காக்கச் சொல்லிக் கட்டினது பிள்ளை” என்றார் தருமகர்த்தா. “அதைப்பற்றி அப்பிடிக் கதைக்கப்படாது.”

“புள்ள சொல்றதுல பிழையில்ல முதலாளி” என்றார் நானா. “சத்தம் அடங்கட்டும். பொறவு கையக் குடுங்க.”

“ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தொழில் படிப்பிக்கிறீங்களோ? பெரியாக்கள் இருக்கிற இடத்தில உனக்கென்னடி கதை? வாயை மூடு. போ உள்ளுக்கு.”

போனேன். குசினி வாசலை இன்னும் தாண்டவில்லை. வாளின் இரைச்சல் நடுவில் ஒருமுறை விக்கியது. அதற்குப் பிறகு கேட்டது பெரியப்பாவின் குரல்.

சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. தருமகர்த்தாவின் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவும் பெரியம்மாவும் வாசலில் நின்று குழறினார்கள். கடைக்குள் நானும் நானாவுந்தான். அவர் முதலில் மின்சாரத்தைக் கழற்றினார். பிறகு ஒரு தடியால் வாளை மெல்ல மறுபக்கம் திருப்பினார். வாளின் நடு அச்சில் சுற்றிச் சுற்றி இறுகிப்போய்க் கிடந்தது மஞ்சள் நூல். நுனி மட்டும் மஞ்சள். மற்றதெல்லாம் வேறு நிறம். அவர் அதைக் குறட்டால் இழுத்தெடுத்து என் கண்முன்னே பிடித்தார்.

நூல் கையை இழுத்திருக்கிறது. வாள் நிற்குமுன் கை போயிருக்கிறது. மூடி மேசைக்குக் கீழே கிடக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கே விளங்கிற்று.

அப்போது பெரியம்மா உள்ளே வந்தார். நூலைக் கண்டார். நானாவின் கையிலிருந்து அதைப் பறித்து வாழையிலைத் துண்டில் சுற்றினார். “சாமிக் காப்பில இரத்தம் பட்டதெண்டு வெளியில ஒரு சொல் போகப்படாது” என்றார். அந்த மழைக்குள்ளேயே கடற்கரைக்குப் போய் அதை விட்டுவிட்டு வந்தார். இருந்த ஒரே சாட்சி துறைமுகத்துத் தண்ணியில் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த தருமகர்த்தா முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

“பிள்ளை வாய் வைச்சது. வைச்ச கையோட நடந்தது. நான் கண்ணால கண்டனான்.”

அவர் கண்ணால் கண்டது நூல் ஆடியதையும் சேர்த்துத்தான். ஆனால் சாமியின் நூலைக் குற்றம் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. என்னைக் குற்றம் சொல்ல எல்லாருக்கும் துணிவிருந்தது. நாவூறு என்றார்கள். கரிநாக்கு என்றார்கள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அம்மா அழுதுகொண்டே என் நாக்கில் வேப்பெண்ணெய் தடவினார். அப்பா பொழுதுபட வந்தார், எல்லாவற்றையும் கேட்டார், சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவினார். “இனிமேல் பெரியாக்கள் கதைக்கிற இடத்துக்குப் போகாதை” என்றார். அதுதான் என் தகப்பன் எனக்காகப் பேசியது.

அடுத்த நாள் நானாவிடம் ஓடினேன்.

“நானா, நீங்கள் சொல்லுங்கோ. நூலைக் கண்டனீங்கள்தானே?”

“கண்டன் புள்ள. ஆனா அது உங்கட கோயில் விசயம். இந்த வாயால நான் சொன்னா வேற கதையாப் போயிடும்.”

மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. இன்று நினைத்தால் அவர் பயந்ததில் பிழை காணேன். பயமில்லாமல் பேசக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் பேசாமல் விட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க ஏலாது.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் ஸ்கொலர்சிப் சோதனை இருந்தது. டீச்சர் என் பெயரையும் எழுதியிருந்தார். அதற்கென்று அப்பா ஒரு புதுப் பென்சில் வாங்கித் தந்திருந்தார், சிவப்பும் கறுப்பும் கோடு போட்டது, தலையில் அழிறப்பர் வைத்தது. சீவாமல் வைத்திருந்தேன்.

பெரியப்பா கட்டோடு வீட்டுக்கு வந்தார். வலக்கையால் ஒன்றும் செய்ய ஏலாது. “நீதானே வாய் வைச்சனி, நீயே பார்” என்றார் பெரியம்மா. சோறு குழைத்து ஊட்டினேன். வேட்டி நுனியை முடிந்துவிட்டேன். கட்டு அவிழ்த்த பிறகு அவர் கடைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். அவர் அளவு சொல்ல, நான் மரத்தில் கோடு போட வேண்டும். கடைப் பென்சில் தேய்ந்து தீர்ந்துபோயிருந்தது. என் பென்சிலைச் சீவினார்கள்.

அப்போது நானாதான் வெட்டினார். நான் கோடு போட்டேன். மூலைக்கு மூலை, சட்டத்துக்குச் சட்டம், சரிந்த கோடு. ஒன்றும் பிசகவில்லை, அதைப் பெருமையாகவே சொல்கிறேன். சோதனை நாள் வந்து போயிற்று. டீச்சர் ஒருமுறை வீட்டுப் படலைவரை வந்து கேட்டார். “பெரியப்பாவுக்குக் கொஞ்சம் சுகம் வரட்டும்” என்றார் அம்மா. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பவும் ஒருவரும் நினைக்கவில்லை. பென்சில் தேய்ந்து தேய்ந்து சின்னிவிரலளவாகி, ஒருநாள் மரத்தூளோடு அள்ளுப்பட்டு அடுப்புக்குள் போயிற்று.

ஒரு மத்தியானம் ஊட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. பெரியப்பா மெல்லச் சொன்னார்:

“நீ அண்டைக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.”

“எல்லாருக்கும் கேட்டதுதானே பெரியப்பா.”

“இல்லையடி. நீ சொன்ன உடனை நூலைச் சுருட்டி மேல ஏத்துவம் எண்டுதான் நினைச்சனான். அந்த மனுசன் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பெட்டை சொல்லி நான் கேட்டதாப் போயிடும் எண்டு விட்டிட்டன்.”

“அதை அம்மாட்டச் சொல்லுங்கோ பெரியப்பா. பெரியம்மாட்டச் சொல்லுங்கோ.”

அவர் வாயைத் திறந்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் குழம்பு விடு” என்றார்.

விட்டேன். நான் வேறு என்ன செய்ய?

அடுத்த தீபாவளி வந்தது. பெரியப்பா காப்புக் கட்டினார். மறுநாள் காலை கடையைத் திறந்ததும், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் காப்பை உருவிப் பால்மா டின்னில் போட்டார். நானாவின் மோதிரத்துக்குப் பக்கத்தில் அது கிடந்தது. மேசைக்குக் கீழே கிடந்த இரும்பு மூடியும் துடைக்கப்பட்டு வாளில் ஏறியது. இரைச்சல் அடங்கும்வரை பெரியப்பாவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெரியம்மா கேட்டபோது, “மரத்தூள் பட்டால் காப்பின்ர சுத்தம் கெட்டுப்போம்” என்றார். பெரியம்மா தலையாட்டினார். தருமகர்த்தா கேள்விப்பட்டு, “என்ன பக்தி!” என்று புகழ்ந்தார். அதன்பின் அந்தக் கடையில் யார் வாளுக்கு முன்னால் நின்றாலும் காப்பைக் கழற்றி டின்னில் போடுவது வழக்கமாயிற்று. சாமிக்குச் செய்கிற மரியாதையாம். நான் தும்புத்தடியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சொன்னவளை விட்டுவிட்டார்கள்.

கரிநாக்கு என்ற பெயர் மட்டும் போகவில்லை. கலியாணப் பேச்சில் வந்தது. பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கப் போன வீடுகளில் வந்தது. பிறந்த பிள்ளையைப் பார்த்து ‘வடிவாயிருக்கு’ என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, என் பிள்ளையைப் பார்த்தும் சொன்னதில்லை. பெரியப்பா எட்டு விரலோடு நெடுநாள் இருந்தார், மரியாதையாகப் போனார். நானாவும் போய்விட்டார். அந்தக் கடை, அந்த வாள், அந்த டின் ஒன்றும் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டே இருந்துவிட்டேன். சொல்லி இனி என்ன என்று நினைத்தேன். அது நான் செய்த பிழை. அதை இந்தத் தீபாவளிக்குத்தான் கண்டேன்.

என் மகன் அதே வளவில் கதவு நிலைக்கும் சட்டத்துக்கும் மரம் வெட்டிக் கொடுக்கிறான். நாற்பது தாண்டிய மனிதன். போன மாதம் புது மின்சார வாள் வாங்கினான். மைட்டர் மெசின் என்கிறான். மூலை வெட்டுகிற அதே வாள்தான், வடிவாக, சின்னதாக, மூடியோடு வந்திருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் நான் வெளியே வந்தபோது சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். மரத்தைப் பிடித்திருந்த கையில் மஞ்சள் நூல். இரண்டு வால்.

“தம்பி, காப்பைக் கழற்றி வை.”

“ஏனம்மா?”

“வாளுக்கு முன்னால அது வேண்டாம்.”

“அது கடைத் தாத்தா தூசி படாமல் இருக்கத்தானே கழற்றி வைச்சவர்? நீங்கள்தானே சொன்னனீங்கள். இதில பை பூட்டியிருக்கம்மா. ஒரு தூள் வெளிய வராது, பாருங்கோ.”

பின்னால் தொங்கிய துணிப்பையைத் தட்டிக் காட்டினான்.

சாமியின் பெயரைக் காப்பாற்றச் சொன்ன பொய். தருமகர்த்தா புகழ்ந்த பொய். நானும் மறுத்துச் சொல்லாமல், அதையே என் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்த பொய். தூசி இல்லையென்றால் கழற்றத் தேவையில்லை, நியாயந்தானே! அது இத்தனை வருசம் கழித்து என் மகனின் மணிக்கட்டில் வந்து தொங்கியது.

போய்ப் பிளக்கை இழுத்துக் கழற்றினேன். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அம்மா, பின்னேரம் ஆக்கள் வருவினம். நிலையை முடிக்கோணும்.”

“வரட்டும்.”

மருமகள் குசினியிலிருந்து ஓடி வந்தாள். “மாமி, நல்ல நாளில ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ.” அவளுக்கும் தெரிந்திருக்கிறது என் நாக்கின் கதை. யார் சொல்லியிருப்பார்கள், ஊர் சொல்லியிருக்கும்.

“இண்டைக்குத்தான் சொல்லப்போறன்” என்றேன். “நீயும் இரு.”

நூல் ஆடியதிலிருந்து சொன்னேன். விக்கிய இரைச்சல், நானாவின் குறட்டில் தொங்கிய நூல், வாழையிலை, வேப்பெண்ணெய், பென்சில், குழம்பு. ஒன்றும் விடவில்லை. நடுவில் என் குரல் உயர்ந்து, பக்கத்து வளவில் நாய் குரைத்தது. நான் நிறுத்தவில்லை.

மகன் மணிக்கட்டைத் திருப்பி அந்த நூலைப் பார்த்தான். பிறகு, “இவ்வளவு நாளும் ஏனம்மா சொல்லேல்லை?” என்றான்.

“சொன்னனான். பத்து வயசில.”

மருமகள் உள்ளே போனாள். ஒரு வெறும் பால்மா டின்னைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மகன் நூலைக் கையிலிருந்து உருவினான். கண்ணில் ஒற்றிக்கொண்டு டின்னில் வைத்தான். மோதிரத்தையும் கழற்றினான். நான் சொல்லாமலே சட்டைக் கையைச் சுருட்டினான்.

பிளக்கைக் கொடுத்தேன். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை.

வாள் முழு வேகம் எடுக்கும்வரை பொறுத்தான். இறக்கினான். மரம் வெட்டுப்பட்டது, பலா மணம். வாளைக் கீழேயே பிடித்தபடி சுவிட்சை விட்டான். இரைச்சல் மெலிந்தது. நான் வாய்விட்டு எண்ணினேன். இந்தப் புது வாள் ஐந்தில் அடங்கிவிட்டது. அதன் பிறகுதான் தூக்கினான், அதன் பிறகுதான் துண்டை எடுக்கக் கையை நீட்டினான்.

அந்தக் கையைப் பிடித்தேன். மற்றக் கையையும் இழுத்தேன். விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினேன்.

“என்னம்மா இது, நான் என்ன சின்னப்பிள்ளையோ?”

“வாயை மூடு. எண்ணுறன்.”

பத்தும் இருந்தன.